கொள்ளு வெந்த தண்ணீர்

ராஜாம்பாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும், நாலு கைகள் உள்ளே வந்துவிடும். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் ஒரு சின்னக் கம்பெனி அது. அகல் விளக்குகள் சூளைக்குப் போவதற்கு முன்னால் அவற்றின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே பலகை, அதே வெள்ளைத் தூசி. அந்தத் தூசிக்குள் உட்கார்ந்து அவள் டப்பா மூடியை நெம்பினால் காராமணிக் குழம்பின் வாசனை ஷெட்டின் அந்தக் கோடி வரைக்கும் போகும். "அக்கா, ஒரு கரண்டி" என்று ஆரம்பிக்கிற கூட்டம் அடியில் ஒட்டியிருப்பதைக்கூட விடாது. அவளுக்கு மிஞ்சுவது வெறும் சோறுதான். அதற்கும் சிரிப்பாள். சமையலை யாராவது புகழ்ந்துவிட்டால் அந்தப் பொம்பளைக்குப் பசியே அடங்கிவிடும், அப்படி ஒரு பைத்தியம்.

கறியும் மீனும் அவள் வீட்டில் எப்போதாவதுதான். பயறுதான் எப்போதும். ரேஷன் துவரம்பருப்பை வாயில் வைக்க முடியவில்லை என்று தெருவே திட்டும். அதே பருப்பை அவள் முறத்தில் கொழித்து, கல் பொறுக்கி, ரெண்டு சொட்டு விளக்கெண்ணெயும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, நாலு பல் பூண்டோடு மத்தால் கடைந்து வைத்தால் பிள்ளைகள் தட்டை வழித்து நக்கும். மொச்சைக்கொட்டையை எப்போது ஊறப்போட்டால் தோல் கழலாமல் வேகும், பழைய கொட்டைக்கு எத்தனை விசில், புதுசுக்கு எத்தனை என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். ஒரு கொட்டையை நகத்தால் கீறிப் பார்த்து, "இது போன வருஷத்துச் சரக்கு, யாரு கண்ணுல மண்ணத் தூவுற?" என்று கடைக்காரனை வாயடைக்க வைப்பாள். வேறு எதிலும் அவளுக்குக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. பேங்கில் சலான் நிரப்பத் தெரியாது. பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை போடத் தெரியாது.

புருஷன் கொளஞ்சிநாதன் இன்னொரு கம்பெனியில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். அதிகம் பேசாத மனுஷன். அவர் ஒரு மாசம் பேசுகிற பேச்சைத் தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம் என்று ராஜாம்பாளே கேலி செய்வாள். ஒரே பெண் சண்முகப்ரியா கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். வீட்டில் இவர்கள் ரெண்டு பேர்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், கொளஞ்சிநாதன் இடுப்பு வலியில் தரையில் புரண்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கிட்னியில் கல். டாக்டர் மாத்திரை கொடுத்தார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். ராஜாம்பாள் அதோடு விடுவாளா? அவருடைய அக்கா அம்புஜவல்லி கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தன் கொல்லையில் விளைந்த கொள்ளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஊறவைத்து, குழைய வேகவைத்து, வெந்த தண்ணீரை மட்டும் வடித்து, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, விடிந்ததும் ஒரு சொம்பு கொடுத்தாள் ராஜாம்பாள். இருபதாம் நாள் கல் விழுந்துவிட்டது. மாத்திரையால் விழுந்ததோ, தண்ணீரால் விழுந்ததோ, கல்லுக்கே சலித்துப்போய் விழுந்ததோ, யார் கண்டது? பேர் என்னவோ கொள்ளுக்கும் ராஜாம்பாளுக்கும்தான் போனது. அம்புஜவல்லி சுற்றுவட்டாரத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் இந்தக் கதையைச் சொல்லி முடித்தாள்.

ஆகவே போன வருஷம் ஆடி மாதம் டாக்டர் 'கிட்னி' என்று வாயைத் திறந்ததும் ராஜாம்பாளுக்குக் கொள்ளு ஞாபகம் வந்தது என்றால், அவளை எப்படிக் குற்றம் சொல்வது? நாமாக இருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்போம்?

இந்தத் தடவை கல் இல்லை. பதினைந்து வருஷத்துச் சர்க்கரை உள்ளுக்குள்ளேயே அரித்து, ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருந்தன. செவ்வாயும் வெள்ளியும், வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். இனி ஆயுசுக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுக்கொண்டு வந்த ராஜாம்பாள் ஒரு வாரம் அடுப்புப் பக்கமே போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். குளிக்கவில்லை, தலை சீவவில்லை. பெண் போன் பண்ணினால் எடுக்கவில்லை. வீங்கிய காலோடு நோயாளிதான் எழுந்துபோய் டீ போட்டு நோயில்லாதவளுக்குக் கொடுத்தார். அந்த டீயையும் ஆறவிட்டாள்.

எட்டாம் நாள் அம்புஜவல்லி துணிப்பை நிறையக் கொள்ளோடு வந்து இறங்கினாள்.

"என்னாடி இது, எழவு வூடாட்டம் கெடக்குற? அன்னிக்கி அவன் கல்ல கரைச்சது எது? ஏந்திரி. ஏந்திரிச்சுக் கொள்ள ஊறப்போடு. ரத்தத்த மிசினு சுத்தம் பண்ணட்டும், கிட்னிய நாம சுத்தம் பண்ணுவோம்."

"கரைஞ்சுடுமா அண்ணி?"

"கல்லே கரைஞ்சுது. இது கரையாதா?"

ராஜாம்பாள் எழுந்தாள். தலையை அள்ளி முடிந்துகொண்டு முறத்தைத் தேடி எடுத்தாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கொளஞ்சிநாதன், கொள்ளைக் கொழிக்கிற சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் உட்கார்ந்துகொண்டார்.

டயாலிசிஸ் அறைக்குள் கூட வருகிறவர்களை விடமாட்டார்கள். ராஜாம்பாள் வேலைக்குப் போயாக வேண்டும் என்பதால் அவரே ஃபைலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய்வந்தார். லீவு கிடைத்த நாளில் இவளும் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். முதல் மாதத்திலேயே ஒருநாள் கேட்டாள்.

"என்னாங்க, சாப்பாட்டுல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"உப்ப கொறச்சிக்கச் சொன்னாங்க. தண்ணியும் அளவாத்தான் குடிக்கணுமாம்."

"பருப்பு, பயறு?"

அவர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சேர்த்து வைத்தார். "அதெல்லாம் ஒண்ணும் சொல்லல."

இவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. படிக்கத் தெரியாதவள் இல்லை. பேப்பரில் வருகிற ராசிபலனை ஷெட்டில் எல்லாருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறவள்தான். ஆனால் ஃபைல் அவர் பொறுப்பு, அடுப்பு தன் பொறுப்பு என்று ஒரு கணக்கு. அதைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கொள்ளு ஊறாத நாள் கிடையாது. காலையில் எழுந்ததும் கொள்ளு வெந்த தண்ணீர் ஒரு டம்ளர். தண்ணீரை அளவாகத்தானே குடிக்கச் சொன்னார்கள், இது மருந்தாயிற்றே என்று அதை அவள் தண்ணீர்க் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மத்தியானத்துக்குக் கொள்ளு ரசம். வடித்த கொள்ளை வீணாக்குவாளா? பூண்டும் மிளகாயும் வைத்து அம்மியில் துவையல். ராத்திரிக்குப் பாசிப்பயறு கடைசல், உடம்பில் தெம்பு ஏற வாரத்துக்கு ரெண்டு நாள் மொச்சை. உப்பை மட்டும் விரல்நுனியால் எண்ணிப் போட்டாள். தனக்கும் அதே உப்பில்லாக் குழம்புதான் என்று பிடிவாதம் வேறு.

அவள் மறுபடி மனுஷியானாள். அது கண்கூடாகத் தெரிந்தது. ஷெட்டுக்கு வந்தாள், சிரித்தாள், ராசிபலன் படித்தாள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கொள்ளுப் புராணம் பாடினாள். பக்கத்துப் பலகையில் வேலை செய்கிற அமிர்தம்தான் அதற்கு முதல் ரசிகை. பக்கத்து வீட்டுக்காரியும் அவளேதான். ராஜாம்பாளைவிட எட்டு வயது இளையவள், கூடப் பிறந்தவளைப் போல ஒட்டிக்கொண்டு திரிவாள்.

"இவரோட சேந்து மூணு பேரு ஆரம்பிச்சாங்கடி. ரெண்டு பேரு போய்ச் சேந்துட்டாங்க. இவரு நடந்து போறாரு, நடந்து வராரு. எதனாலங்குற?"

"கொள்ளாலதாங்க்கா. நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்."

"ஆழாக்குக் கொள்ளுக்கு ஒன்றரைச் சொம்பு தண்ணி. சுண்டவுட்டு அரைச் சொம்பாக்கணும். தண்ணியிலதான் சத்தே இருக்குது, அத ஒரு சொட்டு கீழ ஊத்தக்கூடாது."

ஷெட்டில் இருந்த பன்னிரண்டு பொம்பளைகளுக்கும் அந்த அளவு மனப்பாடம் ஆனது. ராஜாம்பாள் வாயாலேயே ஆனது.

கொளஞ்சிநாதன் கொடுத்ததைச் சாப்பிட்டார். தை மாதத்தில் ஒரே ஒருநாள் டம்ளரைக் கையால் தள்ளி, "இன்னிக்கி வேணாமே" என்றார்.

"ஏன், நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்குது."

"பின்ன? தெனமும் நாலு மணிக்கி ஏந்திரிச்சு யாருக்கு வைக்கிறேன் நானு?" கையில் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். உதடு துடித்தது. அந்த ஒரு வாரம் சுவரைப் பார்த்துக் கிடந்தபோது இருந்த முகம் திரும்பவும் வந்து எட்டிப் பார்த்தது. அவர் சட்டென்று டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவளிடம் நீட்டினார். அவளுக்கு உடனே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

இந்த வருஷம் புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்தியதால் கம்பெனிக்கு லீவு. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் ஆனதிலிருந்தே அவர் காலில் பலமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது என்று ராஜாம்பாளுக்குக் கோபம். கையில் முழுசாக ஒரு நாள் இருந்தது. மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் காரக்குழம்பு வைத்தாள், கொள்ளு ரசத்தைக் கெட்டியாக இறக்கினாள், சர்க்கரைக்காரருக்கு ஆகாது என்று தெரிந்தும் ஒரு வாய்க்குத்தானே என்று பாசிப்பருப்புப் பாயசம் கிண்டினாள். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி மொச்சை கேட்டு வாங்கினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் கட்டிலை விட்டு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. "வாயெல்லாம் மரத்தாப்ல இருக்குது" என்றார். ஆட்டோ வருவதற்குள் அவள் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "இத குடிச்சிட்டுப் போங்க, தெம்பா இருக்கும்" என்று கொள்ளுத் தண்ணீரைப் புகட்டினாள். முக்கால் டம்ளர் இறங்கியது. பாலக்கரை தாண்டும்போது அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, தோளை அசைக்காமல் பிடித்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் இறக்கி மாரைக் குத்திப் பார்த்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அம்புஜவல்லி மாரில் அடித்துக்கொண்டாள். "என் தம்பிய பதினாலு மாசம் கொள்ளு ஊத்தியே புடிச்சு வச்சிருந்தாளே! ஆறு மாசம்கூட தாங்காதுன்னாங்களே, எமன வாசல்லயே நிறுத்தி வச்சாளே என் மவராசி!" சனமெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. ஷெட்டுப் பொம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராஜாம்பாளும் அப்போது அதை நம்பினாள். அழுது வீங்கிய அந்த மனசுக்குள் அது ஒன்றுதான் ஒட்டிக்கொண்டிருந்த ஆறுதல்.

அந்த ஆறுதலாவது மிஞ்சியிருக்கக்கூடாதா? அதற்கும் விதியில்லை.

ஐப்பசியில் விதவை பென்ஷனுக்கு எழுதிப்போட ஏதோ பேப்பர் வேண்டுமென்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு டயாலிசிஸ் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தமிழினி என்று ஒரு சின்ன வயசு நர்ஸ். பேரைச் சொன்னதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொளஞ்சிநாதன் அய்யா வூட்டம்மாவா? எங்களால அவர மறக்கவே முடியாதும்மா. சத்தமே போடமாட்டாரு. பொட்டாசியம் மட்டும் எப்பப் பாத்தாலும் ஏறியே கெடக்கும், ஏன்னே எங்களுக்குப் புரியல. நீங்கதான் பருப்பே கண்ணுல காட்டறதில்லன்னு சொல்வாரே."

"எந்தப் பருப்பு?" என்றாள் ராஜாம்பாள்.

"எல்லாந்தாம்மா. பருப்பு, பயறு, கொள்ளு, மொச்சை. கிட்னி போனவங்களுக்கு அதுல உள்ள பொட்டாசியம் வெளிய போவாது, ரத்தத்துலயே தங்கிடும். ரொம்ப ஏறிச்சுன்னா ஹார்ட்டயே நிறுத்திடும். ஆசைப்பட்டா கொஞ்சூண்டு, அதுவும் ஊறவச்ச தண்ணி, வேகவச்ச தண்ணி ரெண்டையும் கொட்டிட்டுத்தான் சாப்பிடணும்னு வாராவாரம் சொல்லுவோம். தாளே குடுத்திருக்கோமே."

தமிழினி அவள் கையிலிருந்த ஃபைலை வாங்கிப் புரட்டினாள். நாலாக மடித்த மஞ்சள் தாள் உள்ளேதான் இருந்தது. தமிழில், பெரிய எழுத்தில், சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி. கொள்ளு என்று தனியாகவே போட்டுச் சிவப்பில் அடிக்கோடு போட்டிருந்தது.

"'என் வூட்டுக்காரி ரொம்பக் கண்டிசனு, இதெல்லாம் வூட்டுக்குள்ளயே வுடமாட்டா'ன்னு சிரிப்பாரும்மா" என்றாள் தமிழினி. இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா? தண்ணி குடிக்கறீங்களா?" என்று பதறினாள்.

ராஜாம்பாள் பென்ஷன் பேப்பரை வாங்க மறந்து, ஃபைலை மட்டும் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டது காதில் விழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மாலை போட்ட அவர் படத்துக்கு எதிரே நின்றாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவரை ஒருநாள்கூட நீ என்று சொல்லாதவள், அன்றைக்குச் சொன்னாள்.

"ஒரு வார்த்த சொன்னா என்னா? வேணான்டி, இது எனக்கு வெசம்டின்னு ஒரே ஒரு வார்த்த! வாய்ல என்னா வச்சிருந்த? சாவணும்னு முடிவு பண்ணிட்டியா? அப்பிடின்னா அதுக்கு என் கைதான் கெடச்சுதா ஒனக்கு?"

படம் என்ன பதில் சொல்லும்? உயிரோடு இருந்தபோதே சொல்லாத மனுஷன்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஒரே கேள்விதான். தெரிந்தே ஏன் குடித்தார்? மெஷினில் மாட்டிக்கொண்டு கிடக்கிற பிழைப்பு போதும் என்று குடித்தாரா? வேண்டாமென்றால் இவள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள் என்று குடித்தாரா? முதலாவது என்றால் அவர் சாவதற்கு இவள் ஊற்றிக் கொடுத்தாள். ரெண்டாவது என்றால் இவள் சிரிப்பதற்கு அவர் செத்தார். எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. மகளிடம்கூட. அந்த மஞ்சள் தாளை மட்டும் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள். டப்பாவில் தயிர்சோறு கொண்டுபோக ஆரம்பித்தாள். பாவம், துக்கத்தில் நாக்கு செத்துப்போயிற்று என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு அகல் அனுப்பி முடித்து ஷெட் ஓய்ந்த நேரத்தில் அமிர்தத்தின் புருஷன் மதிவாணன் காலெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனான். லாரியில் சரக்கு ஏற்றுகிறவன், நாற்பத்து மூன்று வயது. பிரஷரைக் கவனிக்காமல் விட்டதில் ரெண்டு கிட்னியும் போய்விட்டது. அதே ஆஸ்பத்திரி, அதே டயாலிசிஸ். அமிர்தம் ஓடிவந்து ராஜாம்பாள் மடியில் விழுந்தாள்.

"எனக்குக் கைகாலே ஓடலக்கா. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு நான் என்னா பண்ணுவேன்? அந்தக் கொள்ளு அளவ இன்னொரு தடவ சொல்லுங்க. ஆழாக்குக்கு ஒன்றரைச் சொம்புதானே?"

ராஜாம்பாள் சொல்ல வேண்டியது அந்த நிமிஷம்தான். உள்ளே போய்ப் புடவையைத் தூக்கித் தாளை எடுத்து வந்திருக்க வேண்டும். ஆனால் சொன்னால், புருஷனுக்கு விஷம் வைத்தவள் நான் என்று சொன்னதாகுமே!

"அதெல்லாம் வேணாம் அமிர்தம். டாக்டரு சொல்றத கேளு."

"ஏங்க்கா?"

"வேணாம்னா வேணாம். எனக்கு ஒண்ணும் தெரியாது."

அமிர்தம் மடியிலிருந்து தலையை எடுத்தாள். ஊருக்கெல்லாம் சொன்னவள் தனக்குச் சொல்லமாட்டேன் என்கிறாளே என்று அவள் முகம் வாடிப்போனது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ராஜாம்பாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொள்ளு வேகிற வாசனை வந்தது. மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட வாசனை. அவளுடைய அளவு, அவளுடைய பக்குவம், பிசகாமல். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் பீரோவைத் திறந்து தாளை உருவிக்கொண்டு ஓடினாள்.

மதிவாணன் சுவரோரம் நாற்காலியில் இருந்தான். பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் ஏற்கெனவே ஊற்றி ஆறிக்கொண்டிருந்தது. அடுப்பில் மிச்சம் கொதித்தது. ராஜாம்பாள் பிடிதுணிகூட இல்லாமல் வெறுங்கையால் குண்டானைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ஐயோ! என்னாக்கா பண்றீங்க?" அமிர்தம் அலறினாள்.

"குடுக்காதடி! இது வெசம்! நான் குடுத்துத்தான் அவரு செத்தாரு. நோவுல சாவல, நான்தான் கொன்னேன். இந்தா, படிச்சுப் பாரு!"

அமிர்தம் தாளை வாங்கவே இல்லை. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

"இந்தத் தாளு எங்களுக்கும்தான் குடுத்தாங்க. கொள்ளு தொடாதன்னுதான் போட்டிருக்குது. மாமாவுக்கும் அதானே போட்டிருந்தாங்க? அத மீறிக் குடுத்துத்தானே அவர பதினாலு மாசம் நடமாட வச்சீங்க? கூட ஆரம்பிச்சவங்க போயிட்டாங்க, இவரு இருக்குறாருன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க வாயால கேட்டேனேக்கா!"

"தெரியாம சொன்னேன்டி. பெத்த பொண்ணு மேல சத்தியம். தெரியாம சொன்னேன்."

"அப்ப தெரியாது, இப்ப மட்டும் தெரியுதா?" அமிர்தத்துக்குக் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது. "உங்க வூட்டு ஆளு போயிட்டாருன்னு எங்க வூட்டு ஆளும் போவணுமாக்கா? உங்கள நான் கூடப் பொறந்தவளா நெனச்சேன். இப்பிடி வயித்தெரிச்சல் புடிச்சு வந்து அடுப்ப கவுக்குறீங்களே!"

தெருவில் ரெண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள். பாவம், புருஷன் போனதிலிருந்து புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். வெந்துபோன உள்ளங்கைகளை ஏந்திக்கொண்டு ராஜாம்பாள் மதிவாணனிடம் திரும்பினாள்.

"நீயாச்சும் சொல்லு தம்பி. ஒனக்குத்தான் உள்ள வச்சுச் சொல்லியிருப்பாங்களே. தமிழினி பொண்ணு சொல்லலியா?"

"சொன்னாங்க அண்ணி" என்றான் மதிவாணன்.

அமிர்தம் அவனைப் பார்த்தாள். ராவெல்லாம் விழித்த கண், அடுப்புக் கரி பட்ட கன்னம், இப்போது அழுதுவிடுவேன் என்று நடுங்குகிற உதடு. இவனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் எழுப்ப முடியாது. அது ராஜாம்பாளுக்கே தெரிந்தது. மதிவாணனுக்கும் தெரிந்தது. அவன் ராஜாம்பாளிடமிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான்.

"நீங்க வூட்டுக்குப் போங்க அண்ணி. கைக்கு ஏதாச்சும் மருந்து போடுங்க. அவ ஆசையா வச்சிருக்குறா. ஒரு வாய்தானே."

புருஷன் படத்திடம் கேட்ட கேள்விக்கு ராஜாம்பாளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இப்படித்தான். இதே மாதிரிதான் குடித்திருக்கிறார், பதினாலு மாசமும், ஒவ்வொரு காலையிலும். "ஐயோ, வேணாம்பா" என்று அவள் கையை நீட்டுவதற்குள் மதிவாணன் ஸ்டூலிலிருந்த டம்ளரை எடுத்தான். பொண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தான். அமிர்தம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.